கொடைக்கானல் மலைப்பூண்டில் சமைக்க: தேர்வு, அளவு, பக்குவம் – முழு வழிகாட்டி

மலைப்பூண்டை முதன்முதலாக வாங்கி வருபவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே பூண்டுக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். பல் கணக்கு பழையது, தீயும் பழையது. குழம்பு ஒன்று கமறுகிறது, இல்லை கசக்கிறது. மீதிப் பூண்டு கூடையிலேயே கிடந்து முளைவிடுகிறது.

பூண்டு மேல் குற்றம் இல்லை. இதற்கு மூன்று விஷயங்களை மாற்ற வேண்டும்: எவ்வளவு போடுகிறோம், எப்படி உடைக்கிறோம், எந்த நேரத்தில் சூட்டில் சேர்க்கிறோம். அதையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரியாக வந்தது, எது கெடுத்தது என்று பிடிபடாது.

இங்கே சொல்வது 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு பற்றி. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்களில் விளைவது. சமையல் அளவுகள் எல்லாம் நான்கு பேருக்கு.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு கிராம் வரை காட்டினால் போதும். அம்மி அல்லது சின்ன இடிகல், அடி கனமான வாணலி, ஜல்லிக்கரண்டி, உரித்ததைப் பரப்ப ஒரு காட்டன் துணி. இவை இருந்தால் வேலை நடக்கும்.

பூண்டைக் கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். பழகாத பூண்டைக் கிலோக் கணக்கில் வாங்கினால் "தீர்க்க வேண்டுமே" என்று எல்லாவற்றிலும் போடத் தோன்றும். வழக்கமாக வாங்கும் பூண்டிலும் இரண்டு கட்டி கையில் இருக்கட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

2. கடையில் பார்த்து எடுப்பது

சமவெளிக் கடைகளில் பல் பெரிதாக இருந்தாலே "மலைப்பூண்டு" என்று சொல்லி விற்கிறார்கள். இமாச்சலத்திலிருந்து வரும் பருத்த பூண்டும் இந்தப் பெயரில்தான் போகிறது. அது நல்ல பூண்டுதான், உரிக்கவும் சுலபம். ஆனால் நெடி வேறு. கீழே உள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

கொடைக்கானல் பூண்டின் கட்டி பொதுவாக 20 முதல் 30 கிராம் இருக்கும். வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரிய கட்டியைத் தேடிப் போனால் வேறு பூண்டுதான் கையில் வரும். பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு இந்தப் பூண்டு நிறைய வருவதால் அங்கே கேட்டு வாங்குவது எளிது. மற்ற ஊர்களில் "எந்த ஊர்ப் பூண்டு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "மலை" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு கடையைப் பார்க்கலாம்.

கட்டியை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். கல்போல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அமுங்கினால் உள்ளே பல் சுருங்கிவிட்டது என்று பொருள். அடிப்பக்கத்து வேர்த்தட்டில் கறுப்புப் பொடி இருந்தால் பூஞ்சை. தாள் விட்டுப் போன மேல்முனையில் பச்சை எட்டிப் பார்த்தால் முளைக்கத் தொடங்கிவிட்டது.

மேல்தோல் மங்கலாக, லேசான புகை வாசனையோடு இருந்தால் தள்ளிவிட வேண்டாம். அறுத்த பூண்டைக் கட்டாகக் கட்டிப் புகை படும்படி தொங்கவிட்டுப் பதப்படுத்தும் வழக்கம் மேல்மலையில் உண்டு. அப்படிப்பட்ட பூண்டு நெடுநாள் தாங்கும்.

மே மாதம் ஒரு நடவு, நவம்பரில் ஒரு நடவு. நட்டு நான்கு மாதம் கடந்து அறுப்பார்கள். அறுத்த கையோடு வரும் புதுப்பூண்டின் தோல் ஈரமாகப் பல்லோடு ஒட்டியிருக்கும். ரசத்துக்கு அருமை, ஊறுகாய்க்கு ஆகாது. எதற்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்துகொண்டு எடுங்கள்.

3. காற்றாட வைப்பது

பாலிதீன் பையைப் பிரித்து அன்றைக்கே மூங்கில் கூடைக்கோ வலைப்பைக்கோ மாற்றுங்கள். வெயில் படாத, காற்று வரும் இடம் வேண்டும். அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரி வேண்டாம், நீராவி ஏறும்.

முழுப்பூண்டை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்தக் குளிர், நடவுக் காலம் வந்துவிட்டது என்று பூண்டை நம்பவைத்துவிடும். வெளியே எடுத்த சில நாட்களில் முளைவிடும். குளிரில் கிடந்த பூண்டு புளியோ எலுமிச்சையோ பட்டால் பச்சை, நீலம் என்று நிறம் மாறவும் செய்யும். சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் ஊறுகாய் ஜாடியில் நீலப் பூண்டை யார் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்?

கட்டியை உடைக்காமல் வையுங்கள். பல்லாகப் பிரித்துவிட்டால் வேகமாகக் காய்ந்து சுருங்கிவிடும்.

4. குழம்புக்கு முன்னால் ருசி பார்ப்பது

கால் மணி நேர வேலை. தாண்டிப் போகிறவர்கள்தான் குழம்பைக் கொட்டுகிறார்கள்.

பச்சையாக: ஒரு பல்லை நசுக்கி ஐந்து நிமிடம் விட்டு, அரிசி அளவு எடுத்து ஒரு கரண்டி தயிரில் கலந்து நாக்கில் வையுங்கள். வழக்கமான பூண்டையும் அதேபோல் செய்து பாருங்கள். காரம் எத்தனை மடங்கு, நாக்கோடு நிற்கிறதா, தொண்டை வரை இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

வேகவைத்து: ஒரு முழுப் பல்லை உப்புத் தண்ணீரில் மிதமான தீயில் 12 நிமிடம் வேகவிடுங்கள். விரலால் அமுக்கினால் வெண்ணெய்போல் மசிய வேண்டும். நடுவில் கடிபட்டால், இந்தப் பூண்டுக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயில்: ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில், சிறு தீயில், ஒரு முழுப் பல். வெள்ளை மாறிச் சந்தன நிறம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பூண்டில் ஈரம் குறைவு, அதனால் சீக்கிரம் சிவக்கும். குழம்பில் பூண்டு கருகிக் கசப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஈரப்பூண்டுக்குப் பழகிய கை, காய்ந்த பூண்டை அதே நேரம் வதக்குகிறது.

5. பல்லை எண்ணாமல் எடை போடுவது

"பத்துப் பல் பூண்டு" என்ற அளவு இங்கே உதவாது. ஒரே கட்டியில் ஒரு பல் கொழுத்திருக்கும், இன்னொன்று சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும்.

வழக்கமாகப் போடும் பூண்டை ஒரு தடவை உரித்து எடை போட்டுக் குறித்து வையுங்கள். மலைப்பூண்டில் முதல் முறை அதில் 60 சதவீதம் மட்டும் போடுங்கள். 20 கிராம் போடும் இடத்தில் 12. அடுத்த முறை 70-க்கு ஏற்றிப் பார்க்கலாம். முழு அளவுக்கு ஏறவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. குறைவாகப் போட்டிருந்தால் கடைசியில் நெய்யில் ஒரு பல் வதக்கிச் சேர்த்துச் சரிசெய்யலாம். கூடிப்போனால் எடுக்க வழியில்லை.

எடை எப்போதும் உரித்த பூண்டுக்கு. 100 கிராம் முழுப்பூண்டில் உரித்தது 85 கிராம் அளவுக்குக் கிடைக்கும். பழைய கட்டியில் இன்னும் குறையும்.

6. தோல் உரிப்பது

நான்கைந்து பல் என்றால் கத்தியின் அகலப் பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினால் தோல் விட்டுவிடும். ஆனால் தட்டிய பல் உடைந்த பல்தான். முழுசாகப் போட வேண்டிய குழம்புக்கு அந்த வழி வேண்டாம்.

நிறைய உரிக்க வேண்டியிருந்தால் பல்லைப் பிரித்துச் சில சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு முறத்தில் போட்டு உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் பாதிக்கு மேல் தானே உரிந்துவிடும். மீதிக்கு நகம்.

தண்ணீரில் ஊறவைத்தும் உரிக்கலாம், ஆனால் அன்றைக்கே பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும். ஊறிய பல் எண்ணெயில் வெடித்துத் தெறிக்கும். உரித்ததைத் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள்.

கால் கிலோ உரித்தால் விரல் நுனி எரியும். முதலிலேயே விரலில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

7. நசுக்குவதும் காத்திருப்பதும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

உடைபடாத பல்லில் காரம் கிடையாது. அல்லீன் என்ற பொருள் ஓர் அறையிலும் அல்லீனேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் நெடி அதுதான். நொதி சூட்டில் செத்துவிடும். கடும் புளிப்பிலும் வேலை செய்யாது. பூண்டின் காரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இவ்வளவிலேயே அடங்கிவிடுகிறது.

காரம் முழுசாக வேண்டும் என்றால், நசுக்கி 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டுப் பிறகு சூட்டில் சேருங்கள். மிதமாக வேண்டும் என்றால் நசுக்கிய உடனே சூடான எண்ணெயிலோ கொதிக்கும் நீரிலோ போடுங்கள். இனிப்பு மட்டும் போதும் என்றால் முழுப் பல்லாகவே வேகவிட்டு, வெந்த பிறகு மசியுங்கள். ஒரே 10 கிராம் பூண்டு மூன்று வழியிலும் மூன்று ருசி தரும்.

மலைப்பூண்டில் மிக்ஸியை முடிந்தவரை தவிர்க்கலாம். பிளேடு பல்லை மாவாக அடித்துவிடுவதால் காரம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும். அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாகத் தட்டினால் எவ்வளவு உடைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கும்.

8. முதல் சமையல்: ரசம்

ரசத்தில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், கூடினால் தண்ணீர் விட்டு விளாவலாம். குழம்பில் அந்த வசதி இல்லை.

புளி 15 கிராம், தண்ணீர் 750 மில்லி, தக்காளி ஒன்று, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மலைப்பூண்டு 12 கிராம், மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு.

பூண்டில் 8 கிராமை மிளகு சீரகத்தோடு ஒன்றிரண்டாகத் தட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் புளியைக் கரைத்துத் தக்காளி, மஞ்சள், உப்பு சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். பிறகு தட்டியதைச் சேர்த்து, நுரை கூடி விளிம்பில் ஏறும்போது இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் வாசனை ஆவியோடு போய்விடும்.

மீதி 4 கிராமை நெய்யில் பொன்னிறமாக வதக்கிக் கடுகு, கறிவேப்பிலையோடு மேலே கொட்டுங்கள். உள்ளே இருப்பது காரம், மேலே இருப்பது வாசனை. இரண்டுக்கும் ஒரே பூண்டை வெவ்வேறு நிலையில் பயன்படுத்துகிறோம்.

பூண்டையும் புளித்தண்ணீரையும் சேர்த்துக் கையால் பிசைந்து வைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் புளிப்பு நொதியை அமுக்கிவிடும்; விலை கொடுத்து வாங்கிய பூண்டு சாதாரணப் பூண்டாகிவிடும்.

9. பூண்டுக் குழம்பு

உரித்த மலைப்பூண்டு 80 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், புளி 30 கிராம், தக்காளி ஒன்று, நல்லெண்ணெய் 75 மில்லி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, கடுகு அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, வெல்லம் நெல்லிக்காயில் பாதி, தேவையான உப்பு.

முதலில் பல்லைப் பெரிது, சிறிது என்று இரண்டாகப் பிரியுங்கள். எண்ணெய் மிதமாகச் சூடேறியதும் பெரிய பல்லை மட்டும் போட்டுச் சிறு தீயில் வதக்குங்கள். மூன்று நிமிடம் கழித்துச் சிறியதைச் சேருங்கள். எல்லாம் ஒன்றாகப் போனால் பெரியது வேகும் முன் சிறியது கருகும். கருகிய ஒரு பல் குழம்பு முழுவதையும் கசக்கவைக்கும்.

தோல்மேல் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்து சந்தன நிறம் வரும். மொத்தம் 8 முதல் 10 நிமிடம் ஆகலாம்; ருசி பார்த்தபோது குறித்த நேரத்தை நம்புங்கள். அந்த நிறத்திலேயே ஜல்லிக்கரண்டியால் அரித்துத் தனியே வையுங்கள். வாணலியிலேயே விட்டுவிட்டால் வெங்காயம் வதங்கும் நேரத்தில் பூண்டு சிவந்துவிடும்.

அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. பிறகு வெங்காயம், அது கண்ணாடிப் பதம் வந்ததும் தக்காளி. தக்காளி குழைந்ததும் தீயைக் குறைத்துத் தூள்களைப் போட்டு அரை நிமிடம் பிரட்டுங்கள். இப்போது 150 மில்லி தண்ணீர், அரித்து வைத்த பூண்டு. மூடி 7 நிமிடம் வேகவிடுங்கள். புளி இன்னும் சேர்க்கக் கூடாது.

வரிசை தவறுவது இந்த இடத்தில்தான். புளிப்பு பட்ட காய் எதுவும் மெதுவாகத்தான் வேகும், பூண்டும் அப்படியே. பாதி வெந்த பல்லைப் புளிக்கரைசலில் போட்டால் அரை மணி கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று கடிபடும். ஒரு பல்லைக் கரண்டியின் பின்பக்கத்தால் அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தட்டையாக வேண்டும். அதற்குப் பிறகு 300 மில்லி கெட்டிப் புளிக்கரைசலும் உப்பும்.

மூடாமல் 15 முதல் 20 நிமிடம் கொதித்ததும் ஓரத்தில் எண்ணெய் பிரியும். நான்கைந்து பல்லை மட்டும் கரண்டியால் மசித்துக் குழம்போடு கலந்துவிடுங்கள். தனியே எதுவும் அரைத்து ஊற்றாமலே குழம்பு கெட்டிப்படும். வெல்லம் போட்டு இறக்குங்கள். அடுத்த நாள் இன்னும் நன்றாக இருக்கும். இறக்கியவுடன் ருசி பார்த்துவிட்டு "பூண்டு தூக்கல்" என்று தேங்காய்ப்பால் ஊற்ற ஓட வேண்டாம்.

கமறினால் இரண்டு நிமிடம் கூடக் கொதிக்கவிட்டு ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பாருங்கள், அடங்கும். கருகல் கசப்புக்கு மருந்து இல்லை. வெல்லம் கூட்டினால் இனிப்பும் கசப்புமாக நிற்கும். வதக்கும்போதே கருகியது தெரிந்தால் எண்ணெயையும் சேர்த்துக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவது மலிவு.

10. பச்சையாகச் சேர்க்கும் சட்டினி

ரசமும் குழம்பும் கைவந்த பிறகு இதற்கு வாருங்கள். காய்ந்த மிளகாய் 8, மலைப்பூண்டு 12 கிராம், கோலிக்குண்டு அளவு புளி, உப்பு, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மிளகாயை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள்.

காரம் குறைவாக வேண்டும் என்றால் பூண்டு, புளி, உப்பு மூன்றையும் முதலிலேயே சேர்த்து அரையுங்கள். நாக்கு சுள்ளென்று வேண்டும் என்றால் பூண்டைத் தனியே தட்டிப் பத்து நிமிடம் கழித்து மற்றதைச் சேருங்கள். முதல் முறைக்கு முன்னதே நல்லது. பல்லைப் பிளந்து நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள். குழம்பில் அது தெரியாது, பச்சைச் சட்டினியில் கசக்கும்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் பச்சைப் பூண்டை அதிகம் சேர்க்கும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

11. இஞ்சி பூண்டு விழுது

சம அளவு அரைக்கும் பழக்கத்தை இங்கே விடுங்கள். இஞ்சி 100 கிராமுக்கு மலைப்பூண்டு 60 கிராம். அதற்கு மேல் போனால் பிரியாணியில் பட்டையும் கிராம்பும் காணாமல் போகும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நாளாக நாளாக நெடி மழுங்கி ஒரு பழைய வாடை வந்துவிடும்.

12. ஊறுகாயும் எண்ணெயில் ஊறும் பூண்டும்

பூண்டு எண்ணெயில் மூழ்கியிருந்தால் கெடாது என்று நினைப்பது ஆபத்து. மண்ணிலிருந்து வரும் பாட்டுலிசக் கிருமி (உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்குவது) காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் வளரும். எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் பூண்டு அதற்குத் தோதான இடம். வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. வெறும் எண்ணெயில் போட்ட பூண்டை அறைச் சூட்டில் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஊறுகாய்க்கு உரித்த பூண்டு 250 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, புளி 60 கிராம், மிளகாய்த்தூள் 40 கிராம், உப்பு 40 கிராம், வெல்லம் 25 கிராம், இரண்டு எலுமிச்சையின் சாறு, வறுத்துப் பொடித்த கடுகும் வெந்தயமும் ஒவ்வொரு தேக்கரண்டி. நன்றாகக் காய்ந்த, ஃபிரிட்ஜ் படாத பூண்டாக எடுங்கள்.

குழம்பில் சொன்ன அதே காரணத்துக்காகப் பூண்டை எண்ணெயில் முழுசாக வேகவைத்துவிட்டுத்தான் கெட்டிப் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். தூளும் உப்பும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை சுண்டவிட்டு, வெல்லமும் பொடியும் போட்டு இறக்கி, ஆறியதும் எலுமிச்சைச் சாறு கலக்குங்கள். புளியையோ சாற்றையோ ருசிக்காகக் குறைக்க வேண்டாம். கெடாமல் காப்பது அந்தப் புளிப்பும் உப்பும்தான். காய்ந்த கண்ணாடி ஜாடியில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். மூன்றாம் நாள் பூண்டுக்குள் புளி இறங்கியிருக்கும். தயிர்சாதத்துக்கு அன்றைக்குத் தொடங்கலாம்.

இதற்குள் கூடையில் ஒன்றிரண்டு பல் முளைத்திருந்தால் முளை மேலே பார்க்க, ஓர் அங்குல ஆழத்தில் தொட்டியில் ஊன்றிவிடுங்கள். சமவெளிச் சூட்டில் கட்டி திரளாது. ஆனால் பூண்டுத் தாள் வளரும். அதைப் பொடியாக நறுக்கித் தோசை மாவில் கலக்கலாம்.